தொப்பிக் கடைக்காரரின் மகன்

பேசாப் படக் காலத்து ஹாலிவுட்டைப் பற்றி ஒரு கதை உண்டு. ஒரு டைரக்டர் பெரிய ஹோட்டல் ஒன்றை 'செட்'டாகப் போடச் சொன்னார். அறைகள், மாடிப்படி, தாழ்வாரம் எல்லாம் அசலைப் போலவே எழும்பிவிட்டன. டைரக்டர் வந்து சுற்றிப் பார்த்தார். ஓர் அறையில், வேலைக்காரனைக் கூப்பிடுவதற்காகச் சுவரில் பதித்திருந்த மணிப் பொத்தானை அழுத்தினார். மணி அடிக்கவில்லை. அடிக்காத மணியை எதற்காக வைத்தீர்கள் என்று கோபித்துக்கொண்டார். பேசாப் படத்தில் மணி அடித்தால் என்ன, அடிக்காவிட்டால் என்ன, யார் காதில் விழப் போகிறது என்று மற்றவர்கள் விழித்தார்கள். ஆனாலும் கம்பி இழுத்து மணியை அடிக்க வைத்த பிறகுதான் படம் பிடித்தாராம்.

இது அப்படியே நடந்ததோ, சொல்லிச் சொல்லி வளர்ந்ததோ, எனக்குக் கவலையில்லை. அந்த மனிதரைப் பற்றி இந்த மாதிரி எத்தனையோ கதைகள். அரண்மனைக் காவலர் வேஷம் போட்ட துணை நடிகர்களுக்கு, வெளியே தெரியாத உள்ளுடுப்பைக்கூடப் பட்டில் அரச முத்திரையோடு தைக்கச் சொன்னார் என்று ஒரு கதை. எல்லாக் கதைகளும் ஒரே பக்கமாகச் சாய்கின்றன. காமிராவின் முன்னால் பொய் இருக்கக் கூடாது. காமிராவுக்குத் தெரியாத பொய்கூட இருக்கக் கூடாது. அப்படி ஒரு பிடிவாதம்.

அவர் பெயர் எரிக் வான் ஸ்ட்ரோஹைம். அந்த 'வான்' இருக்கிறதே, அதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். நம் பாஷையில் கனவான், தனவான் என்று பின்னால் ஒட்டிக்கொள்கிற சொல் அங்கே முன்னால் ஒட்டிக்கொண்டுவிட்டது போலும்! பரம்பரைப் பிரபு வம்சத்தைச் சேர்ந்தவர்கள் போட்டுக்கொள்ளும் பட்டம் அது. அவருடைய முழுப் பெயர் எரிக் ஓஸ்வால்ட் ஹான்ஸ் கார்ல் மரியா வான் ஸ்ட்ரோஹைம் என்று சொல்லிக்கொண்டார். தகப்பனார் ஆஸ்திரிய நாட்டுப் பிரபு, படை அதிகாரி. தாயார் மகாராணி எலிஸபெத்தின் அந்தரங்கத் தோழி. தாமும் குதிரைப் படையில் அதிகாரியாக இருந்தவர். இப்படிப் பத்திரிகைகளுக்குச் சொன்னார், நண்பர்களுக்குச் சொன்னார், மனைவியருக்கும் சொன்னார். 1957 மே 12-ஆம் தேதி பாரிஸுக்கு அருகில் மோர்பா என்ற ஊரில் இறக்கும் வரையில் அதை மாற்றவே இல்லை.

அவர் இறந்து சில வருஷங்களுக்குப் பிறகு, 1960-களின் தொடக்கத்தில், வியன்னா நகரத்து யூத சமூகத்தின் பிறப்புப் பதிவேட்டை யாரோ புரட்டிப் பார்த்தார்கள். 1885 செப்டம்பர் 22 என்ற தேதியில் எரிக் ஓஸ்வால்ட் ஸ்ட்ரோஹைம் என்ற குழந்தை இருந்தது. ஹான்ஸ் இல்லை, கார்ல் இல்லை, மரியா இல்லை, 'வான்' இல்லை. தகப்பனார் பென்னோ ஸ்ட்ரோஹைம், தொப்பி வியாபாரி. தாயார் பிராக் நகரத்துப் பெண், ஜொஹன்னா. 1909 நவம்பரில் ஒரு கப்பலில் நியூயார்க்கில் வந்து இறங்கிய அந்த இருபத்து நாலு வயதுப் பையன், அட்லாண்டிக் சமுத்திரத்தின் மத்தியில் எங்கேயோ தன் அப்பாவைத் தண்ணீரில் போட்டுவிட்டு, ஒரு பிரபுவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கரையேறியிருக்கிறான்.

இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஊமைப் படத்தில் மணி அடிக்கவில்லை என்று ரகளை செய்த ஆசாமி தானே ஓர் அடிக்காத மணி! ஆனால் இரண்டு நாள் கழித்து அந்தச் சிரிப்பு தங்கவில்லை. வாழ்க்கை முழுவதையும் ஒரு பொய்யின்மேல் கட்டிக்கொண்டவன், கலையில் மட்டும் உண்மையைத் தவிர வேறு எதையும் ஏற்காமல் இருக்க முடியுமா? இருந்திருக்கிறானே! அப்படியானால் அந்தப் பொய்யை என்னவென்று சொல்வது?

ஹாலிவுட்டில் யார்தான் பொய் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். வாஸ்தவம். தீடா பாரா என்று ஒரு நடிகை இருந்தாள். எகிப்திலே, ஸ்பிங்க்ஸ் சிலையின் நிழலில் பிறந்தவள் என்று கம்பெனியார் விளம்பரம் செய்தார்கள். அவள் பிறந்தது அமெரிக்காவில் சின்சினாட்டியில். பெயர் தியோடோசியா குட்மன். ஆனால் அது கம்பெனி கட்டிவிட்ட பொய். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் நகையோடு நகையாகக் கழற்றி வைத்துவிடலாம். ஸ்ட்ரோஹைமின் பொய் அப்படிப்பட்டதல்ல. அதை அவரே தைத்தார். நாற்பத்தேழு வருஷம் கழற்றாமல் போட்டுக்கொண்டார்.

அமெரிக்காவில் முதல் சில வருஷங்கள் பிழைப்புக்குத் திண்டாட்டம். ஊர் ஊராகப் போய்ச் சாமான் விற்றார். பிறகு கலிபோர்னியா சென்று, டி. டபிள்யூ. கிரிபித்தின் கம்பெனியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, உதவியாளாக ஓடியாடி வேலை செய்தார். 'இன்டாலரன்ஸ்' என்ற 1916-ஆம் வருஷத்துப் படத்தில் அவரைக் காணலாம். முதல் உலக யுத்தத்தில் அமெரிக்கா குதித்தது. ஜெர்மன் என்றாலே ஜனங்களுக்குப் பற்றி எரிந்த சமயம். பட முதலாளிகளுக்குக் கொடுமைக்கார ஜெர்மன் அதிகாரி ஒருவன் தேவைப்பட்டான். மொட்டைத் தலை, ஒற்றைக் கண்ணாடி, விறைத்த முதுகு, உதட்டோரத்தில் சிகரெட். ஸ்ட்ரோஹைம் தயாராக நின்றார். 1918-இல் வந்த ஒரு படத்தில், அழுகிற குழந்தையை எடுத்து ஜன்னல் வழியாக வெளியே எறிந்துவிடுகிறார். ஜனங்கள் பல்லைக் கடித்தார்கள். மறுபடியும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பல்லைக் கடித்தார்கள். 'நீங்கள் ஆசையோடு வெறுக்கும் மனிதர்' என்று விளம்பரம் போட்டார்கள்.

அவருடைய பொய் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது பாருங்கள். கௌரவத்துக்காக ஒரு ராணுவ உடுப்பைத் தேர்ந்தெடுத்தார். அந்த உடுப்பைத்தான் ஊர் முழுக்கக் காறித் துப்பியது. தொப்பிக் கடைக்காரர் மகன் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் யாரும் துப்பியிருக்க மாட்டார்கள், வேலையும் கிடைத்திருக்காது.

யுத்தம் முடிந்ததும் யூனிவர்ஸல் கம்பெனியின் முதலாளி கார்ல் லெம்லியிடம் போய், ஒரு கதை வைத்திருக்கிறேன், நானே டைரக்ட் செய்து நானே நடிக்கிறேன் என்று கேட்டார். 1919-இல் 'பிளைண்ட் ஹஸ்பண்ட்ஸ்' வந்தது. பெரிய வெற்றி. அவர் வைத்திருந்த தலைப்பை முதலாளி மாற்றிவிட்டார் என்பதற்காகப் பத்திரிகையில் பகிரங்கமாக ஆட்சேபம் தெரிவித்தார்! முதல் படம் எடுத்தவருக்கு இருந்த துணிச்சல் அது.

1922-இல் வந்த 'பூலிஷ் வைவ்ஸ்' படத்தைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மான்டி கார்லோ நகரத்தின் சூதாட்ட மாளிகையையும் ஹோட்டலையும் கலிபோர்னியாவில் கட்டி எழுப்பினார்கள். செலவு ஏறிக்கொண்டே போயிற்று. லெம்லி கெட்டிக்காரர், தலையிலடித்துக் கொள்வதற்குப் பதிலாக, பத்து லட்சம் டாலர் விழுங்கிய முதல் படம் என்று அதையே விளம்பரமாக்கிவிட்டார்.

நான் சொல்ல வந்தது செலவைப் பற்றியல்ல. அந்தப் படத்தில் ஸ்ட்ரோஹைம் போட்ட வேஷம் கவுண்ட் காராம்ஸின் என்ற ருஷ்யப் பிரபு. அவன் நிஜப் பிரபு அல்ல. போலிப் பட்டத்தையும் பளபளக்கும் உடுப்பையும் வைத்துக்கொண்டு, பணக்காரப் பெண்களை ஏமாற்றிப் பிழைக்கிறவன். கள்ள நோட்டை மாற்றுகிறவன். வேலைக்காரியின் சேமிப்பைக்கூட நீலிக் கண்ணீர் விட்டுப் பிடுங்கிக்கொள்கிறவன். கடைசியில் அவனைக் கொன்று, பிணத்தைச் சாக்கடைக்குள் தள்ளிவிடுகிறார்கள். உலகமெல்லாம் இந்தப் படத்தைப் பார்த்தது. வெள்ளைத் திரையில் இருபது அடி உயரத்துக்கு நின்றுகொண்டு ஒரு மனிதன், நான் போலிப் பிரபு, என் முடிவு சாக்கடை, என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? ஆஹா, உண்மையான பிரபு அல்லவா, அதனால்தான் வேஷம் இத்தனை பொருத்தம் என்றார்கள்!

கதை எழுதுகிறவன் என்ற முறையில் இந்த இடம் எனக்குப் புரிகிறது. வாயால் சொல்ல முடியாததை வேறொருவன் தலையில் கட்டிச் சொல்லிவிடுவது எங்கள் தொழில். அப்படிச் சொன்ன பிறகு பாரம் குறைகிறதா என்று கேட்டால், ஒரு வாரத்துக்குக் குறைகிறது. பிறகு மறுபடியும் ஏறிக்கொள்கிறது. அதனால்தான் அடுத்த கதை எழுத வேண்டியிருக்கிறது.

இந்தப் படத்துக்குப் பிறகு யூனிவர்ஸல் கம்பெனியில் இர்விங் தால்பெர்க் என்ற இளைஞர் நிர்வாகியாக இருந்தார். வயது இருபத்து மூன்று. அடுத்த படம் பாதியில் இருக்கும்போது, செலவு தாங்காது என்று ஸ்ட்ரோஹைமை வெளியே அனுப்பிவிட்டு வேறு டைரக்டரைப் போட்டார். பெரிய டைரக்டரைக் கணக்குப் பார்க்கிற பையன் வீட்டுக்கு அனுப்பலாம் என்பது ஹாலிவுட்டுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஸ்ட்ரோஹைம் நகர்ந்து கோல்ட்வின் கம்பெனிக்குப் போனார். அங்கேதான் 'கிரீட்' பிறந்தது. பேராசை என்று பொருள். பிராங்க் நாரிஸ் என்ற அமெரிக்க நாவலாசிரியர் 1899-இல் எழுதிய 'மக்டீக்' நாவல்தான் கதை. ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஒரு பல் வைத்தியன். அவன் கல்யாணம் செய்துகொள்ளும் பெண்ணுக்கு லாட்டரியில் ஐயாயிரம் டாலர் விழுகிறது. அந்தப் பணம் அவளைத் தின்கிறது. தங்கக் காசுகளைப் படுக்கையில் பரப்பி அதன்மேல் படுத்துக்கொள்கிறாள். புருஷன் தரித்திரத்தில் விழுந்து, அவளைக் கொன்று, காசோடு பாலைவனத்துக்கு ஓடுகிறான். பழைய சிநேகிதன் ஒருவன் துரத்தி வருகிறான். இருவரும் 'மரணப் பள்ளத்தாக்கு' என்ற இடத்தில், குடிக்கத் தண்ணீரில்லாமல், ஒரு விலங்கினால் பிணைக்கப்பட்டு முடிகிறார்கள். ஒருவன் பிணம், ஒருவன் இன்னும் பிணமாகவில்லை.

நாவலில் இருந்த ஒவ்வொரு பக்கத்தையும் படமாக்க வேண்டும் என்று ஸ்ட்ரோஹைம் புறப்பட்டார். செட் வேண்டாம் என்று ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கே போய், நிஜ வீடுகளில், நிஜத் தெருக்களில் எடுத்தார். கல்யாணக் காட்சி ஒன்று உண்டு. மாடி அறையில் பாதிரியார் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பின்னால் ஜன்னல் வழியே பார்த்தால், கீழே தெருவில் ஒரு சவ ஊர்வலம் போய்க்கொண்டிருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் தங்கத்துக்கு மட்டும் மஞ்சள் நிறம் ஏற்றினார்.

பாலைவனக் காட்சிக்கு, வழக்கமாக எல்லாரும் எடுக்கிற கடற்கரை மணல்மேட்டில் எடுத்துவிடலாம் என்று கம்பெனி சொல்லிற்று. மணல் மணல்தானே? ஸ்ட்ரோஹைம் 1923-ஆம் வருஷக் கோடையில், நடிகர்களையும் காமிராக்காரர்களையும் அழைத்துக்கொண்டு உண்மையான மரணப் பள்ளத்தாக்குக்கே போனார். பாரன்ஹீட் கணக்கில் 120 டிகிரிக்கு மேல் வெயில். வாரக்கணக்கில் அங்கே கிடந்தார்கள். ஆட்கள் சுருண்டு சுருண்டு விழுந்தார்கள். ஜீன் ஹெர்ஷோல்ட் என்ற நடிகர் உடம்பு இளைத்து, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. இருவரும் சண்டையிடும் காட்சியில், என்னை எப்படி வெறுக்கிறீர்களோ அப்படி ஒருவரையொருவர் வெறுத்துச் சண்டை போடுங்கள் என்று கத்தினாராம். வெறுத்தார்கள். காட்சி அற்புதமாக வந்தது.

இந்த இடத்தில்தான் நான் தயங்குகிறேன். தன் பொய்யை ஒருவன் தானே சுமந்தால் அது அவன் பாடு. ஆனால் அவனுடைய உண்மையை மற்றவர்கள் சுமக்க வேண்டுமா? அந்த வெயிலில் கொப்புளம் கிளம்பியது யார் முதுகில்? சினிமாக்காரர்கள் இதைக் கலை வெறி என்று கொண்டாடுகிறார்கள். ஹெர்ஷோல்ட் வீட்டில் இருந்தவர்களைக் கேட்டால் வேறு பெயர் சொல்லியிருப்பார்கள். அதே சமயம் கடற்கரை மணலில் எடுத்திருந்தால் அந்தக் கடைசிக் காட்சி இன்றைக்கும் நெஞ்சைப் பிடிக்காது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரு விடை வரும் என்று நான் நம்பவில்லை.

படம் முடிந்து ஒட்டிப் பார்த்தபோது நாற்பத்திரண்டு ரீல் இருந்தது. பார்த்து முடிக்க ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். அவரே மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு பாதிக்குச் சற்று மேலாக வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினார். ரெக்ஸ் இங்க்ரம் என்ற நண்பரான டைரக்டரிடம் கொடுத்து, பதினெட்டு ரீலாக்கினார். இதற்கிடையில், 1924-இல், கோல்ட்வின் கம்பெனி வேறு கம்பெனிகளோடு சேர்ந்து மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் ஆகிவிட்டது. புதுக் கம்பெனியில் படத் தயாரிப்பு நிர்வாகி யார் தெரியுமோ? அதே தால்பெர்க்! படத்தை அவரிடமிருந்து வாங்கி, நாவலையே படித்திராத ஓர் ஆளிடம் கத்தரியைக் கொடுத்தார்கள் என்று ஸ்ட்ரோஹைம் சாகும் வரை பொருமினார். பத்து ரீலாக வெளிவந்தது. மிச்சம் அழிந்தது. பிலிமில் உள்ள வெள்ளிக்காக அதை உருக்கிவிட்டார்கள் என்பார்கள். பேராசையைப் பற்றிய படம், வெள்ளிக்காக!

தால்பெர்க்கைத் திட்டுவது சுலபம். நான் திட்டப் போவதில்லை. ஒன்பது மணி நேரப் படத்தை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? பார்க்கிறவனுக்கும் வீடு வாசல், சாப்பாடு, தூக்கம் உண்டு. ஆனாலும் என் அநுதாபம் எந்தப் பக்கம் என்பதை மறைக்க முடியவில்லை. ஒரு சமயம் என் தொடர்கதை ஒன்றில், கதாநாயகி தற்கொலை செய்துகொள்ளாமல் இருப்பதற்கான காரணம் இருந்த ஒன்றரைப் பத்தியை, கூந்தல் தைல விளம்பரத்துக்கு இடம் போதவில்லை என்று எடுத்துவிட்டார்கள். எந்தப் பத்திரிகை என்று சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் அவள் காரணமில்லாமலே உயிரோடிருந்தாள். வாசகர் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் இன்றுவரை உறுத்துகிறது. ஒன்றரைப் பத்திக்கே இப்படி என்றால் முப்பத்திரண்டு ரீலுக்கு எப்படி இருந்திருக்கும்! 1999-இல், கிடைத்த புகைப்படங்களை இடையிடையே சேர்த்து நாலு மணி நேரத்துக்கு ஒரு வடிவம் தயாரித்தார்கள். காணாமற்போன குழந்தையின் சட்டைகளை வரிசையாக அடுக்கிக் காட்டுவது போன்ற காரியம் அது.

அதன் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1925-இல் 'மெர்ரி விடோ' நன்றாக ஓடி, கம்பெனிக்குப் பணம் கொடுத்தது. 1928-இல் 'வெட்டிங் மார்ச்'. அதையும் பிடுங்கி இரண்டாக வெட்டினார்கள். பிறகு குளோரியா ஸ்வான்ஸன் என்ற பெரிய நட்சத்திரம் தன் சொந்தப் படமான 'குவீன் கெல்லி'க்கு அவரைப் பிடித்தாள். பாதியில், இது கட்டுப்படியாகாது என்று அவளே நிறுத்திவிட்டாள். 1933-இல், அவர் எடுத்திருந்த பேசும்படம் ஒன்றை வேறு ஆட்களைக் கொண்டு திருத்தி எடுத்து, பெயரையும் மாற்றி வெளியிட்டார்கள். டைரக்டர் என்ற முறையில் அதோடு சரி. அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது ஆகவில்லை. மறுபடியும் மொட்டைத் தலையும் ஒற்றைக் கண்ணாடியுமாகக் கூலிக்கு வேஷம் கட்டினார். 1932-இல் ஒரு படத்தில், தத்ரூபம் வேண்டும் என்று ஆட்களின் உயிரோடு விளையாடும் பைத்தியக்கார டைரக்டராக நடித்தார். அந்த வேஷத்தையும் அவரிடமே கொண்டுவந்து நீட்டிய கைக்குத் தைரியம் அதிகம்.

1936-இல் பிரான்ஸுக்குப் போனார். அங்கே ழான் ரெனுவார் என்ற டைரக்டர் 'லா கிராண்ட் இல்லூஸியான்' எடுக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். வாலிபத்தில் 'பூலிஷ் வைவ்ஸ்' படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, சினிமா என்றால் இப்படி எடுக்க வேண்டும் என்று நிச்சயித்துக்கொண்டவர் அவர். யுத்தக் கைதிகளை வைத்திருக்கும் கோட்டைக்கு அதிபதியான ஜெர்மன் பிரபு, ராபன்ஸ்டைன் என்ற பாத்திரத்தை ஸ்ட்ரோஹைமுக்குக் கொடுத்தார். விமானம் விழுந்து முதுகெலும்பு முறிந்தவன் அவன். கழுத்தைத் தாங்கும் இரும்புப் பட்டையை மாட்டிக்கொள்ளும் யோசனை ஸ்ட்ரோஹைமுடையது. குனியவே முடியாத மனிதன்! தண்ணீர் குடிக்க வேண்டுமானாலும் உடம்பு முழுவதையும் சாய்க்க வேண்டும். இதைவிட அவரை யாரும் வர்ணித்துவிட முடியாது. இன்னொரு விஷயம். அவருடைய ஜெர்மன் பேச்சு அவ்வளவு துருப்பிடித்துப் போயிருந்ததாம்; பள்ளிக்கூடத்துப் பையன் பாடம் ஒப்பிக்கிற மாதிரி வசனத்தை உருப்போட்டார் என்று ரெனுவார் எழுதியிருக்கிறார். வியன்னாப் பிரபுவுக்கு ஜெர்மன் உருப்போட வேண்டியிருந்தது.

அந்தப் படத்தில் ஒரு கட்டம். கைதிகளின் அறையைச் சோதனை போடுகிறார்கள். கைதிகளில் ஒருவர் பொயல்டியூ, பிரெஞ்சுப் பிரபு. இந்த அறைக்குள் விதிக்கு விரோதமாக எதுவும் இல்லை என்று வாக்குக் கொடுப்பீரா என்று அவரிடம் மட்டும் ராபன்ஸ்டைன் கேட்கிறான். அவர் கொடுக்கிறார். தப்பி ஓடுவதற்கான கயிறு ஜன்னலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருக்கிறது. அறைக்குள் இல்லையே, ஆகவே வாக்கு சத்தியம்தான்! பிறகு பொயல்டியூ, ஏன் மற்றவர்களை விட்டு என்னை மட்டும் கேட்டீர் என்று விசாரிக்கிறார். மற்றவர்கள் ஒரு சாதாரண மெக்கானிக்கும், ரோஸன்தால் என்ற யூதரும். ஒரு ரோஸன்தாலுடைய வாக்கு ஒரு வாக்கா என்கிற மாதிரி ராபன்ஸ்டைன் புருவத்தை உயர்த்துகிறான். நம்முடைய வாக்கைப் போலத்தான் அதுவும் என்கிறார் பொயல்டியூ.

ஸ்ட்ரோஹைம் அந்த வசனத்தைச் சொன்னபோது அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும்? நான் அந்தக் காட்சியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கழுத்துப் பட்டை அசையவிடவில்லை.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், விடுதியில் பக்கத்து அறைக்காரன் என் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டான். அவன் அப்பா வக்கீல். "நிலபுலன்களைப் பார்த்துக்கொள்கிறார்" என்றேன். என் அப்பா அரிசி மில்லில் கணக்கு எழுதினார். யாருக்கும் இந்தப் பொய்யால் காலணா நஷ்டமில்லை. ஆனால் பிறகு அப்பா ஒரு நாள் ஊரிலிருந்து வந்தபோது, ஸ்டேஷனிலேயே சந்தித்து, எதிர்க் கிளப்பில் காப்பி வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துக்கொண்டேன். "உன் ரூமைப் பார்த்துவிட்டுப் போகிறேனேடா" என்றார். வார்டன் வெளியாரை விட மாட்டார் என்றேன். சரி என்று, கொண்டுவந்த முறுக்கு டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். பொய் என்பது வார்த்தையோடு நிற்பதில்லை. இன்ன இடத்துக்கு இன்னார் வரக் கூடாது என்று ஊரில் கோடு போட ஆரம்பித்துவிடுகிறது. எனக்கு இரண்டு வருஷம், ஒரு விடுதி. அவருக்கு ஆயுசு, இரண்டு கண்டம்.

ஆகவே போலிப் பட்டத்துக்காக அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பட்டம் வைத்திருந்தவர்கள் மட்டும் அதை என்ன உழைத்தா சம்பாதித்தார்கள்? பென்னோ ஸ்ட்ரோஹைம் பட்டறையில் தொப்பிகள் உருவானது எப்படியென்று பையன் பார்த்திருப்பான். கம்பளியின் தரம், தையல், ஓரம், ரிப்பன், எந்தத் தலைக்கு எது பொருந்தும் என்கிற கணக்கு. உடுப்பிலே ஒரு பொத்தான் தப்பாக இருந்தாலும் கண்டுபிடிக்கிற அந்தக் கண் எந்தப் பிரபுவிடமிருந்தும் வந்திருக்காது என்பது என் ஊகம். பிரபுக்கள் உடுப்பைப் போடுகிறவர்கள், பார்க்கிறவர்கள் கடைக்காரர்கள். அவருடைய கலைக்கு மூலதனம் போட்டவர் யாரோ, அவருக்குத்தான் அவர் சொன்ன கதைகளில் இடம் இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை வியன்னாவுக்குள் நுழைந்தது. யார் யூதர், யார் அல்லர் என்று தாத்தா பாட்டி வரையில் தோண்டிப் பார்த்தார்கள். ஒரு பிறப்புப் பதிவேட்டின் வரி உயிரை எடுக்கும் என்றாயிற்று. 1909-இல் ஒருவன் அந்த வரியிலிருந்து ஓடியது வெறும் வீண் ஜம்பம்தான் என்று இப்போது நாற்காலியில் சாய்ந்துகொண்டு நான் சொல்லிவிடலாமா? காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்பது சில குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரிந்துவிடுகிறது.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது அவர் மறுபடியும் அமெரிக்காவில் இருந்தார். 1943-இல் 'பைவ் கிரேவ்ஸ் டு கெய்ரோ' என்ற படத்தில் ஜெர்மன் தளபதி ரோம்மல் வேஷம். டைரக்டர் பில்லி வைல்டர், வியன்னாவில் வளர்ந்தவர். ஸ்ட்ரோஹைமின் உச்சரிப்பு எந்தச் சீமான் வீட்டு உச்சரிப்பும் அல்ல என்று அவர் காது சொல்லிவிட்டது. அவர் சொன்ன கதை இது: ரோம்மல் தோளில் தொங்கும் காமிராவுக்குள் நிஜப் பிலிம் சுருள் வேண்டும் என்று ஸ்ட்ரோஹைம் பிடிவாதம் பிடித்தாராம். உள்ளே பிலிம் இருப்பது யாருக்குத் தெரியும் என்றால், பார்க்கிறவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடும் என்றாராம். இருபது வருஷம் கழித்தும் அதே மணி!

அந்த வைல்டர்தான் 1950-இல் 'ஸன்ஸெட் பூல்வார்ட்' எடுத்தார். பேசாப் படக் காலத்து நட்சத்திரம் ஒருத்தி, பாழடைந்த மாளிகையில், உலகம் இன்னும் தன்னை எதிர்பார்க்கிறது என்று நம்பிக்கொண்டு வாழ்கிறாள். நட்சத்திரமாக நடித்தவள் குளோரியா ஸ்வான்ஸன். வீட்டுக் காரியஸ்தன் மாக்ஸ் வான் மேயர்லிங், ஸ்ட்ரோஹைம். மாக்ஸ் யார் என்பது மெதுவாகத் தெரிகிறது. ஒரு காலத்தில் அவளை அறிமுகப்படுத்திய பெரிய டைரக்டர். அவளுடைய முதல் புருஷனும்கூட. தினமும் அவளுக்கு வந்து குவியும் ரசிகர் கடிதங்களை எழுதுகிறவன் இவன்தான். மாலையில் இருவரும் அவளுடைய பழைய படத்தைப் போட்டுப் பார்ப்பார்கள். திரையில் ஓடுவது அவள் பாதியில் நிறுத்தி அவரை வெளியேற்றிய அதே 'குவீன் கெல்லி'.

இந்தப் படத்துக்காக அவரைத் துணை நடிகருக்கான ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைத்தார்கள். கிடைக்கவில்லை. அவரோ அந்தப் பாழாய்ப்போன பட்லர் வேஷம் என்று கடைசி வரை கரித்துக்கொண்டிருந்தார்.

முடிவில் அவள் புத்தி பேதலித்து ஒருவனைச் சுட்டுவிடுகிறாள். வாசலில் போலீஸும், செய்திப் படம் பிடிக்கிற காமிராக்காரர்களும். மாடியை விட்டு அவளை எப்படி இறக்குவது? மாக்ஸ் கீழே காமிராக்களின் பக்கத்தில் போய் நிற்கிறான். விளக்குகளை ஏற்றச் சொல்கிறான். காமிராவை ஓட்டச் சொல்கிறான். பதினேழு வருஷமாக யாரும் அவரை அந்த இடத்தில் நிற்க விடவில்லை. படப்பிடிப்புத்தான் நடக்கிறது என்று எண்ணி, அவள் ஒவ்வொரு படியாக, ராணியைப் போல இறங்கி வருகிறாள். அவர் முகத்தில், கழுத்துப் பட்டை இல்லாத அந்த முகத்தில், எல்லாம் தெரிகிறது.

அதே படத்தில் மாக்ஸ் அவளைப் பழைய காலத்துப் பெரிய மோட்டாரில் வைத்து ஓட்டிக்கொண்டு போகிற காட்சியும் உண்டு. சாரதியின் நிமிர்ந்த முதுகு, கையுறை, தொப்பி எல்லாம் அத்தனை கச்சிதம். உண்மையில் ஸ்ட்ரோஹைமுக்குக் கார் ஓட்டத் தெரியாது. முன்னால் வேறொரு வண்டியைக் கட்டி, அதைக் கயிற்றால் இழுத்துக்கொண்டு போனார்கள். கயிறு படத்தில் தெரியாது.